பாம்பே டோஸ்ட்: முட்டைக்கும் ரொட்டிக்கும் உள்ள கணக்கு

காலைப் பலகாரமாக பிரெஞ்சு டோஸ்ட் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு விதமான பதில்கள் சுற்றுகின்றன. "முட்டையும் பாலும் சேர்வதால் புரதம் நிறைந்த உணவு" என்கிறது ஒன்று. "மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூன்றும் ஒரே தட்டில், தொடவே தொடாதீர்கள்" என்கிறது மற்றொன்று. காரைக்குடியில் காலை ஏழு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பவருக்கு இரண்டுமே பயன்படாது.

இந்த இரண்டு பதில்களும் பேசுவது ஒரே பண்டத்தைப் பற்றியே அல்ல. நான்கு துண்டு ரொட்டிக்கு ஒரு முட்டை உடைத்து ஊற்றினால் வருவது ஒன்று. மூன்று துண்டுக்கு இரண்டு முட்டை என்றால் வருவது வேறொன்று. பெயர், நிறம், மணம் எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் உடம்புக்குள் போகும் கணக்கு மாறிவிடுகிறது. அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரை பிரித்துப் பார்க்கிறது.

## பெயரில் ஏன் இத்தனை ஊர்

பிரெஞ்சு டோஸ்ட் என்று மெனு அட்டையில் எழுதியிருப்பதும், நம் வீடுகளிலும் டீக்கடைகளிலும் பாம்பே டோஸ்ட் என்று சொல்வதும் ஒன்றே. முட்டை, பால், சர்க்கரை அடித்த கலவையில் ரொட்டித் துண்டை நனைத்து, கல்லில் நெய்யோ வெண்ணெயோ விட்டுச் சுட்டெடுப்பது. கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பழைய நகரத்தார் வீடுகள் சில இன்று விடுதிகளாகிவிட்டன. வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் அத்தகைய இடத்தில் இடியாப்பத்துக்குப் பக்கத்தில் பிரெஞ்சு டோஸ்டைப் பார்த்தால் புதுப் பண்டம் என்று நினைக்க வேண்டாம்.

பிரான்ஸில் கண்டுபிடித்ததும் இல்லை. ரோமானியர் காலத்துச் சமையல் குறிப்புகளின் தொகுப்பான அபிசியஸிலேயே, ரொட்டியின் மேல்தோலை நீக்கிப் பெரிய துண்டுகளாகப் பிட்டு, பாலில் ஊறவைத்து, பொரித்து, தேன் ஊற்றிப் பரிமாறும் முறை இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதைப் 'பான் பெர்டு' என்கிறார்கள். 'வீணாய்ப்போன ரொட்டி' என்று பொருள். ஸ்பெயினில் ஈஸ்டருக்கு முந்தைய நாட்களில் செய்யும் 'தொர்ரிஹா' இதன் உறவுதான்.

வீணாய்ப்போன ரொட்டி என்ற பெயரில் முக்கியமான செய்தி இருக்கிறது. நேற்றைய இட்லி இன்று உப்புமா ஆவது போல, புளித்துப்போன தோசை மாவு பணியாரக் கல்லுக்குப் போவது போல, காய்ந்துபோன ரொட்டியைக் காப்பாற்ற வந்த வழி இது. காய்ந்த ரொட்டிக்கு ஏற்ற முறையில் அன்றைக்கு வாங்கிய மெத்தென்ற ரொட்டியைப் போடுவதுதான் பல வீடுகளில் இது சொதசொதவென்று ஆவதற்கு முதல் காரணம்.

## கல்லில் என்ன நடக்கிறது

ரொட்டி ஒரு கடற்பஞ்சு மாதிரி. கலவை அதன் துளைகளுக்குள் போய், சூட்டில் முட்டைப் புரதம் இறுகி, அந்தத் துளைகளை மென்மையான கட்டியாக நிரப்புகிறது. வெளியே பொன்னிறத் தோல், உள்ளே கஸ்டர்ட் பதம்.

மூன்று வெப்பநிலைகளை மனத்தில் வைத்தால் போதும்.

1. முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 62 டிகிரி செல்சியஸில் கெட்டியாகத் தொடங்கும். மஞ்சள் கரு 65 டிகிரியைத் தாண்டி. ஆனால் பாலும் சர்க்கரையும் கலந்து நீர்த்துப்போனால், முழுதாக இறுக 80 டிகிரி அருகே வரை போக வேண்டும். பால் கூடக் கூட உள்ளே வேக நேரம் பிடிப்பது இதனால்தான்.

2. முட்டை சேர்ந்த உணவின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட்டால் சால்மோனெல்லா கிருமி பற்றிய கவலை தீரும்.

3. மேல்புறம் சிவந்து மணக்க 140 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் ஈரம் இருக்கும் வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் வற்றிய பிறகே நிறம் ஏறும்.

அடுப்பைக் கூட்டி வைத்தால் மேல்தோல் மட்டும் சீக்கிரம் வற்றி, சிவந்து, கருகத் தொடங்கிவிடும்; நடுவில் இன்னும் 60 டிகிரிகூட வந்திருக்காது. வெளியே கருகல், உள்ளே கொழகொழ. இது ருசிக் குறை மட்டும் அல்ல. வேகாத முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் குடல் எடுத்துக்கொள்கிறது. வெந்த முட்டையில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துக்கொள்கிறது. புரதத்துக்காகச் செய்யும் பண்டத்தை அரைவேக்காட்டில் இறக்கினால், செய்ததன் நோக்கமே குறைந்துபோகிறது.

## இரண்டு தட்டுகள், இரண்டு கணக்குகள்

பாக்கெட் ரொட்டியில் ஒரு துண்டு 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முட்டை ஓடு நீக்கி 50 கிராம், பால் 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பால். எண்கள் எல்லாம் ஏறக்குறைய.

தட்டு ஒன்று: வழக்கமாகச் செய்வது. 4 துண்டு ரொட்டி, 1 முட்டை, 100 மில்லி பால், 4 தேக்கரண்டி சர்க்கரை, 4 தேக்கரண்டி நெய்.

1. ரொட்டி 100 கிராம்: 265 கலோரி, புரதம் 9 கிராம்
2. முட்டை: 72 கலோரி, புரதம் 6 கிராம்
3. பால்: 60 கலோரி, புரதம் 3 கிராம்
4. சர்க்கரை 20 கிராம்: 80 கலோரி, புரதம் இல்லை
5. நெய் 20 கிராம்: 180 கலோரி, புரதம் இல்லை

மொத்தம் 655 கலோரி, 18 கிராம் புரதம். 18 கிராம் என்றதும் நல்லதுதானே என்று தோன்றும். அதில் பாதி மைதாவின் புரதம். அந்தப் 18 கிராமைப் பெற 655 கலோரியைக் கூடவே விழுங்க வேண்டியிருக்கிறது. மொத்த ஆற்றலில் புரதத்தின் பங்கு 11 சதவீதம்தான். இதில் தனியாகப் பெரிய எண் எது என்று பார்த்தால், ரொட்டிக்கு அடுத்து நெய் நிற்கிறது. மைதாவைத் திட்டுகிறவர்கள் நெய்க் கரண்டியைக் கவனிப்பதில்லை.

தட்டு இரண்டு: விகிதத்தை மாற்றியது. 3 துண்டு ரொட்டி, 2 முட்டை, 30 மில்லி பால், 1 தேக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி நெய்.

1. ரொட்டி 75 கிராம்: 199 கலோரி, புரதம் 7 கிராம்
2. முட்டை இரண்டு: 144 கலோரி, புரதம் 12.5 கிராம்
3. பால்: 18 கலோரி, புரதம் 1 கிராம்
4. சர்க்கரை 5 கிராம்: 20 கலோரி
5. நெய் 5 கிராம்: 45 கலோரி

மொத்தம் 425 கலோரி, 20 கிராம் புரதம். ஆற்றலில் புரதத்தின் பங்கு 19 சதவீதம். 230 கலோரி குறைந்திருக்கிறது, புரதம் குறையவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 46 கிராம் அளவில் வரும். இந்த ஒரு தட்டு அதில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கொடுத்துவிடுகிறது.

செட்டிநாட்டில் வெள்ளைப் பணியாரம் சுடத் தெரிந்த யாருக்கும் இந்த விகிதப் பேச்சு புதிதல்ல. பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, சரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துவார்கள். உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் கல்லாகும். டோஸ்டுக்கும் அதே மாதிரி ஒரு கைக்கணக்கு வைத்துக்கொள்ளலாம்: ரொட்டித் துண்டைவிட முட்டை ஒன்று குறையலாம், அதற்கு மேல் குறையக் கூடாது. இரண்டு துண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு, நான்குக்கு மூன்று.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மெல்லிய ரொட்டித் துண்டு அதன் எடையைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் கலவையை எளிதில் வாங்காது. கிண்ணத்தின் அடியில் தங்கிய கலவையைக் கழுவி ஊற்றினால் நீங்கள் எண்ணிய முட்டை தட்டுக்கு வரவில்லை என்று பொருள். மீதமிருப்பதைக் கல்லில் இருக்கும் துண்டின் மேலேயே, திருப்புவதற்கு முன், கரண்டியால் ஊற்றிவிட வேண்டும்.

மேலே ஊற்றுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி தேன் 64 கலோரி, 17 கிராம் சர்க்கரை. ஒரு மேசைக்கரண்டி இனிப்பூட்டிய கெட்டிப் பால் 65 கலோரி, 11 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சேர்க்கும் சர்க்கரையை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 5 சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம். இரண்டு கரண்டி தேன் ஊற்றினால் காலையிலேயே அதைத் தாண்டிவிடுகிறோம்.

நாட்டுச் சர்க்கரை போட்டால் பாதிப்பில்லை என்று நம்புகிறவர்கள் ஏராளம். ஆற்றல் கணக்கில் வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் சொல்லும்படியான வேறுபாடு கிடையாது. மணம் அருமையாக இருக்கும், அதற்காகப் போடுங்கள். ஆனால் கல்லில் அது சீக்கிரம் கருகும், தீயை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

## பாலும் கால்சியமும்

பால் சேர்வதால் எலும்புக்கு நல்லது என்பதும் அடிக்கடி சொல்லப்படுகிறது. 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். நாம் சேர்ப்பது 30 மில்லி. அதில் கிடைப்பது 36 மில்லிகிராம். கால்சியம் வேண்டுமென்றால் ஒரு தம்ளர் பாலைப் பக்கத்தில் வைத்துக் குடிக்க வேண்டியதுதான்.

முட்டை தருவது வேறு வகை: பி12, வைட்டமின் டி, மூளைக்கும் நரம்புக்கும் வேண்டிய கோலின். ஒரு முட்டையில் கோலின் மட்டும் 145 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. இந்தத் தட்டில் அறவே இல்லாதது வைட்டமின் சி. மிகக் குறைவாக இருப்பது நார்ச்சத்து. மூன்று துண்டு வெள்ளை ரொட்டியில் நார்ச்சத்து 2 கிராம். ஒரு நாளைக்கு வேண்டியது குறைந்தது 25 கிராம். இரண்டு குறையையும் ஒரே பழம் தீர்க்கிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கொய்யா 100 கிராமில் 5 கிராம் நார்ச்சத்து, ஆரஞ்சைப்போல நான்கு மடங்கு வைட்டமின் சி. ரொட்டியில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவும் அந்த வைட்டமின் உதவும். தேன் பாட்டிலுக்குப் பதில் கொய்யாத் துண்டுகளைத் தட்டோரம் வைப்பது இந்தப் பலகாரத்துக்குச் செய்யக்கூடிய மிக எளிய திருத்தம்.

## மைதா ரொட்டியா, கோதுமை ரொட்டியா

இங்கே பலரும் எதிர்பார்க்காத ஒரு செய்தி. உணவு எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதைச் சொல்லும் அளவு கிளைசெமிக் குறியீடு. தூய குளுக்கோஸை 100 என்று வைத்து அளப்பது. வெள்ளை ரொட்டிக்கு அது சுமார் 75. முழுக்கோதுமை ரொட்டிக்குச் சுமார் 74. வேறுபாடே இல்லை! காரணம், மாவு நைசாக அரைபட்டதும் தவிடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாவுச்சத்து வேகமாகச் செரித்துவிடுகிறது. முழுக்கோதுமையின் நன்மை நார்ச்சத்திலும் தாதுக்களிலும் இருக்கிறது. அது உண்மையான நன்மை. சர்க்கரை ஏறாது என்று எண்ணி ஒரு துண்டு கூடுதலாகச் சாப்பிடுவது தவறு.

2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருக்கிறது. அவர்களுக்கு இந்தத் தட்டில் எண்ண வேண்டியது மாவுச்சத்து: இரண்டாம் தட்டில் மொத்தம் 44 கிராம், முதல் தட்டில் 74 கிராம். முட்டையின் புரதமும் கொழுப்பும் இரைப்பை காலியாவதைத் தாமதிக்கும், அதனால் வெறும் ரொட்டி ஜாமைவிட ஏற்றம் மெதுவாக இருக்கும். அவர்கள் ரொட்டியை இரண்டு துண்டாகக் குறைத்து, முட்டையை இரண்டாகவே வைத்து, சர்க்கரையை விட்டுவிட்டுக் கார வகைக்கு மாறுவது நல்லது.

கடையில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. பாக்கெட்டின் முன்பக்கம் எழுதியிருப்பதை விடுங்கள், பின்பக்கத்தில் பொருட்களின் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமானதில் தொடங்கி எழுத வேண்டும் என்பது விதி. முதலில் 'சுத்திகரித்த கோதுமை மாவு' என்று இருந்தால் அது மைதா ரொட்டிதான், நிறம் எதுவாக இருந்தாலும்.
2. பழுப்பு நிறம் கேரமல் சேர்த்தும் வரும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.
3. உப்பு. 100 கிராம் ரொட்டியில் சுமார் 490 மில்லிகிராம் சோடியம். ஏறக்குறைய ஒன்றேகால் கிராம் உப்புக்குச் சமம். நாளுக்கான உச்ச அளவு 2000 மில்லிகிராம். இனிப்புப் பண்டத்தில் உப்பை யாரும் தேடுவதில்லை, ரத்தக் கொதிப்பு இருப்பவர் தேட வேண்டும்.

பூஞ்சை பிடித்த ரொட்டியை மட்டும் காப்பாற்ற நினைக்காதீர்கள். பச்சைப் புள்ளியைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை நனைத்துச் சுடுவது ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத இழைகள் துளைகளின் ஊடே ஓடியிருக்கும். பூஞ்சை நஞ்சுகள் கல்லின் சூட்டில் அழிவதும் இல்லை.

## நம் பலகாரங்களோடு வைத்துப் பார்த்தால்

இட்லி ஒன்றில் சுமார் 2 கிராம் புரதம். மூன்று இட்லிக்கு 6, சாம்பார் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்ட இடியாப்பம் பெரும்பாலும் மாவுச்சத்தும் கொழுப்பும்தான். வெள்ளைப் பணியாரம் உளுந்தால் புரதம் பெற்றாலும் எண்ணெயில் பொரிவது. கும்மாயத்தில் உளுந்தும் பாசிப்பருப்பும் சேர்கின்றன, இரண்டிலும் நூற்றுக்கு இருபத்து நான்கைந்து பங்கு புரதம். ஆனால் கருப்பட்டியும் நெய்யும் அதே தாராளத்தோடு சேர்கின்றன. கவுனி அரிசி தீட்டாத தானியம், நார்ச்சத்தும் நிறமிச் சத்தும் உடையது. அதன்மேல் விழும் சர்க்கரையும் துருவிய தேங்காயும் தனிக் கணக்கு.

நம் ஊர்ப் பண்டம் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது, மேலைநாட்டுப் பெயர் இருப்பதாலேயே ஒன்று கெட்டதாகிவிடாது. முட்டை சரியாகச் சேர்ந்த டோஸ்ட் புரதத்தில் இட்லியை முந்துகிறது. கொழுப்புக் குறைவிலும் எளிதான செரிமானத்திலும் இட்லி முந்துகிறது. தினமும் சாப்பிட ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இட்லிதான். வாரத்தில் இரண்டு நாள் மாற்றத்துக்கு டோஸ்ட் முழுத் தகுதி உடையது.

## செய்முறை: ஒருவருக்கு

வேண்டியவை: ரொட்டி 3 துண்டு, முட்டை 2, பால் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, ஏலக்காய் 1, உப்பு ஒரு சிட்டிகை, நெய் 1 தேக்கரண்டி.

1. ரொட்டியை உலர்த்துங்கள். முந்தின நாள் ரொட்டி சிறந்தது. புதிய ரொட்டி என்றால் எண்ணெய் இல்லாத கல்லில் சிறு தீயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். நிறம் மாறக் கூடாது, தொட்டால் மேல்புறம் சற்று விறைப்பாக இருந்தால் போதும். உலர்ந்த ரொட்டி கலவையை உறிஞ்சும், கிழியாது.

2. சர்க்கரையைப் பாலில் முதலில் கரையுங்கள். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடித்தால் சர்க்கரை கரையாமல் அடியில் தங்கும். முதல் துண்டு சப்பென்றும், கடைசித் துண்டு தித்தித்துக் கருகியும் வருவது இதனால்தான்.

3. முட்டையை உப்போடு அடியுங்கள். வெள்ளைக்கரு நூல் நூலாகத் தொங்காமல் முழுக்க உடைய வேண்டும். முள்கரண்டியைத் தூக்கினால் தண்ணீர் போல ஒழுக வேண்டும், இழுபடக் கூடாது. பால், பொடித்த ஏலக்காய் சேருங்கள். ஏலப்பொடி மேலே மிதக்கும். ஒவ்வொரு துண்டுக்கு முன்பும் ஒருமுறை கலக்குங்கள்.

4. தட்டையான பாத்திரத்தில் நனைத்தெடுங்கள். கிண்ணத்தில் முக்கினால் ரொட்டியின் மூலைகள் நனையாது, எடுக்கும்போது நடுவில் மடிந்து கிழியும். விளிம்புள்ள தட்டில் ஊற்றி, பக்கத்துக்கு 20 வினாடி. தடித்த ரொட்டி என்றால் ஒரு நிமிடம்.

5. கல்லின் சூட்டைப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுள்ளென்று கொதித்து இரண்டு மூன்று வினாடியில் வற்ற வேண்டும். முத்துப்போல உருண்டு ஓடினால் கல் மிதமிஞ்சிக் காய்ந்திருக்கிறது. தோசைக்கு நல்லது, டோஸ்டுக்கு ஆகாது. தோசை சுட்ட இரும்புக் கல்லிலேயே போடுவதென்றால் தீயைக் குறைத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள்.

6. பக்கத்துக்கு இரண்டரை முதல் மூன்று நிமிடம். நெய்யைக் கல் முழுக்கத் தடவி, மிதமான தீயில் துண்டுகளைப் போட்டு, மீதிக் கலவையை மேலே பரப்பி, முதல் ஒரு நிமிடம் மூடி வையுங்கள். மூடியின் ஆவி உள்புறத்தை வேகவைக்கும். பிறகு மூடியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மொறுமொறுப்பு வராது.

7. நடுவில் அழுத்திப் பாருங்கள். தோசைத் திருப்பியால் நடுவே அழுத்தினால் ஈரம் கசியாமல் மெல்ல எழும்பி வர வேண்டும். கசிந்தால் தீயைக் கூட்டாமல் இன்னும் ஒரு நிமிடம்.

## பிசகும் இடங்கள்

கவிச்சி வாடை. பலரும் எசென்ஸ் ஊற்றி மறைக்கப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் காரணம் உடையாத வெள்ளைக்கருவும் சிவக்காத மேல்தோலும். நன்றாக அடித்து, வடிகட்டி, பொன்னிறம் வரும்வரை சுட்டால் ஏலக்காயே போதும்.

கல்லில் ஒட்டுதல். நெய் சூடாவதற்கு முன் ரொட்டியைப் போட்டது, அல்லது ஒரு நிமிடத்திலேயே திருப்ப முயன்றது. அடிப்புறம் இறுகியதும் தானே விடும்.

கருப்புப் புள்ளிகள். வெண்ணெயில் சுட்டால் அதிலுள்ள பால் திப்பிகள் 150 டிகிரி அருகே கருகும். நெய்யில் அந்தத் திப்பி இல்லாததால் தாங்கும். வெண்ணெய் மணம் வேண்டும் என்றால் நெய்யில் சுட்டு, இறக்கியபின் அரைக் கரண்டி வெண்ணெய் தடவுங்கள்.

தட்டில் வைத்ததும் நமத்துப்போதல். அடியில் ஆவி தங்குகிறது. துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தி வையுங்கள்.

## கார வகையும் பணியாரக் கல்லும்

சர்க்கரையை எடுத்துவிட்டு நான்கு சின்ன வெங்காயம், அரைப் பச்சை மிளகாய், கால் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு சிட்டிகை சோம்புத்தூள், கிள்ளிய கறிவேப்பிலை சேர்த்தால் செட்டிநாட்டு நாக்குக்கு இதுதான் பிடிக்கும். வெங்காயத்தைக் கலவையில் போடக் கூடாது. அது தட்டின் அடியிலேயே தங்கிவிடும், ரொட்டியில் ஏறாது. துண்டைக் கல்லில் போட்டபின் மேலே தூவி, மீதிக் கலவையை அதன்மேல் ஊற்றித் திருப்பினால் ஒட்டிக்கொள்ளும். வரமிளகாய்த் துவையல் தொட்டுக்கொள்ளப் பொருத்தம். உப்பைக் குறைத்துப் போடுங்கள், ரொட்டியில் ஏற்கெனவே இருக்கிறது.

பணியாரக் கல்லில் செய்வது இன்னும் நேர்த்தி. இரண்டு துண்டு ரொட்டியை விரல் நுனி அளவுக்கு வெட்டி, 2 முட்டையும் 3 மேசைக்கரண்டி பாலும் அடித்த கலவையில் ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். குழிக்கு இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு முக்கால் குழி மட்டும் நிரப்புங்கள். முட்டை உப்பி எழும். மூடி போட்டுச் சிறு தீயில் மூன்று நிமிடம், குச்சியால் திருப்பி இரண்டு நிமிடம். கலவை வெளியே ஒழுக வழியில்லாததால் ரொட்டியைவிட முட்டை மிகுந்த விகிதம்கூட இதில் நிற்கும்.

## முட்டை சேர்க்காத நாட்களில்

தை மாதப் பழனி பாதயாத்திரைக்கு விரதம் இருக்கும் வீடுகளிலும், வெள்ளிக்கிழமைகளிலும் முட்டை அடுப்படிக்கு வராது. அப்போது பலர் கை வைப்பது கஸ்டர்ட் பவுடரில். கடையில் விற்கும் கஸ்டர்ட் பவுடர் பெரும்பாலும் சோளமாவும் நிறமும் மணமும்தான். மாவின்மேல் இன்னொரு மாவு. புரதம் வேண்டுமென்றால் கடலைமாவு 30 கிராம், பால் 90 மில்லி, சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு. இதில் கடலைமாவு 6 கிராமும் பால் 3 கிராமும் புரதம் தருகின்றன. மூன்று துண்டு ரொட்டியோடு சேர்ந்து 16 கிராம். கட்டியில்லாமல் கரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். கடலைமாவு ரொட்டிக்குள் இறங்காது, மேலே பூச்சாக நிற்கும். அதனால் ஊறவைக்காமல் தோய்த்து எடுத்து, பச்சை வாடை போகப் பக்கத்துக்கு நான்கு நிமிடம் சிறு தீயில் வைக்க வேண்டும்.

## யார் கவனிக்க வேண்டும், எவ்வளவு நேரம் தாங்கும்

முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இது ஆகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது. ஒரு முட்டையில் சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு. ஆரோக்கியமானவருக்கு நாளுக்கு ஒரு முட்டையால் கெடுதல் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் இரண்டு முட்டை அந்தக் கணக்குக்குள் அடங்கும். இதய நோயோ நீரிழிவோ உள்ளவர் தம் மருத்துவரிடம் எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்வது நல்லது. அவர்களும் முட்டைக்கு முன்னால் குறைக்க வேண்டியது நெய்யையும் வெண்ணெயையும். ஒரு தேக்கரண்டி நெய்யில் 3 கிராம் நிறைவுற்ற கொழுப்பு.

அடித்த முட்டைக் கலவையோ சுட்ட டோஸ்டோ வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான். சித்திரை வைகாசியில் காரைக்குடி அடுப்படிகள் அந்த அளவைக் காலை எட்டு மணிக்கே எட்டிவிடும். எனவே இது கல்லிலிருந்து தட்டுக்கு வந்து அங்கேயே முடிய வேண்டிய பலகாரம். பள்ளி இடைவேளைக்கு டிபன் பெட்டியில் போக வேண்டிய நாளில் பொடி தடவிய இட்லியே மேல்.